சாமி கண்ணைக் குத்துமா?



"பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்." இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. கிறித்துவ வீடுகளிலும் இது உண்டு. 'சாமி' என்ற இடத்தில் 'ஆண்டவர்' வந்து நிற்பார், அவ்வளவுதான் வேறுபாடு. ஆசிரியப் பணிக்கு வந்த தொடக்கத்தில் நானும் இதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை. பிரம்பு தேவையில்லை, பெற்றோரை அழைக்க வேண்டியதில்லை, கட்டொழுங்கு ஆசிரியருக்கு அறிக்கை எழுத வேண்டியதில்லை. ஒரே வாக்கியத்தில் வகுப்பறை அடங்கிவிடும்.

அந்த வாக்கியத்தை நான் கைவிட்டது 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்.

ஜொகூரில் வாழ்பவர்களுக்கு அம்மாதத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் யாரோ வேதிக் கழிவைக் கொட்டினார்கள். மார்ச்சு 7-ஆம் நாள் ஆற்றங்கரைக்கு அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சு முட்டியும் வாந்தியெடுத்தும் மயங்கினர். சில நாள்களில் மீண்டும் ஓர் அலை. 2,000-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை நாடினர். மார்ச்சு 13-ஆம் நாள் பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடக் கல்வி அமைச்சு ஆணையிட்டது. என் பள்ளி அவற்றுள் ஒன்றா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் சொல்லப்போகும் பிள்ளை யாரென்று சிலருக்குத் தெரிந்துவிடும்.

ஆண்டு 5 மாணவன். கிறித்துவக் குடும்பம். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு அருகில் வந்து நின்றான்.

"ஐயா, நான் என்ன பாவம் செஞ்சேன்?"

விசாரித்தேன். வீட்டிற்குச் செபிக்க வந்த உறவுக்கார அம்மையார் ஒருவர், இது ஆண்டவருடைய தண்டனை, ஊரில் பாவம் பெருகிவிட்டது, இந்த வீட்டிலும் ஏதோ குறை இருக்கிறது, எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கெட்டவர் அல்லர். கையில் உணவுப் பொட்டலத்தோடுதான் வந்தார். அந்தக் குடும்பத்துக்காக உண்மையாகவே அழுதார். ஆனால் பிள்ளையோ தன் பதினோரு ஆண்டு வாழ்க்கையைத் தோண்டித் துருவிப் பாவம் தேடிக்கொண்டிருந்தான். தங்கையின் வண்ணப் பென்சிலை உடைத்தது ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்திருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடவுளை நம்பு, எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

கேட்ட கேள்விக்கு அது விடையே அன்று. கொட்டியவன் யாரோ ஒருவன், இருமியவன் வேறொருவன், குற்றவுணர்ச்சி இருமியவனுக்கு! இப்படியோர் கணக்கு எங்கள் வேதத்தில் இருக்கிறதா என்று அன்றிரவு மீண்டும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கற்றதை வளர்ந்த பிறகு திரும்பிப் பார்க்காத பலருள் நானும் ஒருவன்.

அப்படி ஒரு கணக்கு இருப்பதாகத் தோன்றும் இடங்கள் விவிலியத்தில் உண்டு. அதை மறுத்தால் நேர்மையாகாது. நோவா காலத்து வெள்ளம், சோதோம் எரிந்தது, எகிப்தின் வாதைகள் எல்லாம் இறைவனின் தீர்ப்பாகவே சொல்லப்படுகின்றன. அந்த அம்மையார் தம் சொந்தக் கற்பனையைப் பேசவில்லை. ஆனால் அதே விவிலியத்திற்குள்ளேயே இக்கணக்கை எதிர்க்கும் குரலும் இருக்கிறது. அதுவும் மெல்லிய குரலன்று. யோபுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இழந்து, செல்வம் இழந்து, உடல் முழுதும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருக்கிறார். நண்பர்கள் மூவர் வருகிறார்கள். முதல் ஏழு நாள் வாய் திறவாமல் உடன் அமர்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்ததும் போயிற்று! நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், இல்லையேல் கடவுள் இப்படிச் செய்வாரா என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதாடுகிறார்கள். அவர்கள் பேச்சு முழுவதும் கடவுளுக்காக வழக்குரைப்பது போலவே இருக்கும். நூலின் முடிவிலோ கடவுள் அந்த நண்பர்கள்மீதுதான் சினம் கொள்கிறார். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். அதாவது, தம்மை நோக்கிக் கேள்வி கேட்டவன். கடவுளுக்காக வழக்குரைக்கக் கிளம்பும் எவரும் ஒரு முறை படிக்க வேண்டிய பகுதி இது.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாம் என்னுமிடத்தில் கோபுரம் ஒன்று இடிந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் இப்படிப் பிறக்கக் காரணம் இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார். நம் ஊரில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் இன்னும் இக்கேள்வியை உறவினர்களிடமிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் சீலோவாம் பேச்சு அத்தோடு முடியவில்லை. மாண்டவர்கள் பாவிகள் அல்லர் என்று சொன்ன அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். நான் இதைப் பல நாள் முரண் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தீர்ப்பு என்பதை அவர் நீக்கவில்லை. அதன் விரல் நீட்டும் திசையைத் திருப்புகிறார். செத்தவனைப் பற்றி என்னிடம் கேட்காதே, நின்று பார்த்துக்கொண்டிருக்கும் உன்னைப் பற்றிக் கேள் என்பது போல. அந்தக் கோபுரத்தைக் கட்டியவன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? கல்லிலும் சுண்ணாம்பிலும் மிச்சம் பிடித்தானோ என்னவோ!

கோபுரத்தைக் கட்டியவன் யார் என்ற இக்கேள்வியை ஐரோப்பாவில் உரக்கக் கேட்டவர் ரூசோ. 1755-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், அனைத்துப் புனிதர் திருநாளன்று, காலை வழிபாட்டு நேரத்தில் போர்ச்சுகல் நாட்டின் லிசுபன் நகரை நிலநடுக்கம் தாக்கியது. கோயில்கள் மக்கள்மீது இடிந்து விழுந்தன. தொடர்ந்து தீயும் கடற்கோளும். மலக்ரிடா என்னும் இயேசு சபைத் துறவி, இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, இயற்கைக் காரணம் தேடுவது தவறு என்று 1756-இல் சிறுநூல் எழுதினார். வால்தேர் அதே அழிவைப் பாடி, எல்லாம் நன்மைக்கே என்ற அன்றைய தத்துவத்தைச் சாடினார். அவருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ வேறொன்று சொன்னார்: ஆறேழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையா, மனிதனா? கடவுள்மீது பழி போடுவதற்கும் பிணங்கள்மீது பழி போடுவதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது என்று அவர் காட்டினார். நம் ஜொகூரில் 2006 திசம்பரிலும் 2007 சனவரியிலும் வந்த வெள்ளத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர்; கோத்தா திங்கி நகரம் முழுகிக் கிடந்தது. மழை வானத்திலிருந்துதான் வந்தது. ஆற்றோரத்தில் எங்கே கட்டலாம், மேட்டுக் காட்டில் எவ்வளவு மரம் வெட்டலாம் என்பவை எந்த வானத்திலிருந்தும் வரவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இந்த வழக்கு ஒருமுறை நடந்தது. 1934 சனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் அப்போது திருநெல்வேலியில் இருந்த காந்தியடிகள், அது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று பேசினார். தாகூர் வருந்தி எழுதினார்: இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு, இப்படிப் பேசுவது மக்களின் பகுத்தறிவற்ற போக்கை வளர்க்கும். காந்தியடிகள் அதைத் தம் 'அரிசன்' இதழிலேயே வெளியிட்டு மறுமொழியும் எழுதினார். எனக்கு இதில் தாகூர் பக்கம்தான் சரி. அந்த நிலநடுக்கத்தில் செத்தவர்களுள் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்களே! ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காந்தியடிகள் பிறர் பாவம் என்று சொல்லவில்லை, நம் பாவம் என்றார், தம்மையும் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மையாரிடம் இல்லாதது அதுதான்.

சரி, தீமை எங்கிருந்துதான் வருகிறது? இங்கே புனித அகுசுதீனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும் (354–430). வட ஆப்பிரிக்காக்காரர். இளமையில் ஒன்பது ஆண்டுகள் மானி என்பவரின் சமயத்தைப் பின்பற்றினார். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போரே உலகம். தீமை என்பது தனியொரு சக்தி என்பது அச்சமயத்தின் கொள்கை. அதில் ஒரு வசதி உண்டு. தவறு செய்தது நானல்லன், எனக்குள் இருக்கும் இருள் என்று சொல்லிவிடலாம். அந்த வசதியைத்தான் அவர் பின்னாளில் உதறினார். தீமை என்பது தனிப்பொருளன்று, நன்மையின் குறைபாடு. துணியில் கிழிசல் இருப்பது போல. கிழிசலைத் தனியே எடுத்துக் கையில் வைத்துக் காட்ட முடியாது. கிழித்தது எது? மனிதனின் விருப்பம்.

இதைத் தத்துவமாக மட்டும் அவர் சொல்லியிருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். தம் தன்வரலாற்றில் ஒரு பேரிக்காய்த் திருட்டைச் சொல்கிறார். பதினாறு அகவை. நள்ளிரவில் நண்பர்களோடு சேர்ந்து அடுத்தவர் மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளுகிறார்கள். பசியில்லை. வீட்டில் அதைவிட நல்ல காய்கள் இருந்தன. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். பிறகு ஏன் திருடினேன் என்று ஒரு முழு ஆயர் தம் முதிர்ந்த வயதில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தம்மையே குடைகிறார்! பேயைக் குறை சொல்லவில்லை, வறுமையைக் குறை சொல்லவில்லை. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ரம்புத்தானை உலுக்கிவிட்டு வந்த பையன்களையும், ஒருவனைச் சுற்றி நின்று கேலி செய்த கூட்டத்தையும் விசாரித்த ஆசிரியர் எவருக்கும் இப்பகுதி புரியும். "அவன்தான் சார் ஆரம்பிச்சான்" என்பது ஏதேன் தோட்டத்திலேயே தொடங்கிய பேச்சு. ஆதாம் ஏவாளைக் காட்டினான்; ஏவாள் பாம்பைக் காட்டினாள்.

இதனால்தான் கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரும் மார்பில் தட்டிக்கொள்கிறார்கள். தங்கள் மார்பில்! பக்கத்தில் நிற்பவர் மார்பில் தட்டுவதாக இருந்தால் கோயிலில் இன்னும் கூட்டம் வரும்.

நம் இந்து நண்பர்கள், ஊழ்வினை என்று நாங்கள் சொல்வதும் இதுபோல்தானே என்று கேட்கலாம். சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கோவலன் மாண்டதற்கு முற்பிறவிக் காரணம் ஒன்றை மதுராபதித் தெய்வம் சொல்கிறது. சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்த பரதன்தான் இப்பிறவியில் கோவலன். ஊழ் இருக்கிறது, இளங்கோவடிகள் அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த அந்தக் கணத்தில், பாண்டியன் என்ன செய்தான்? எல்லாம் விதி என்றானா? பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டேன் என்று அவன்மீது தள்ளிவிட்டானா? இரண்டு வழியும் அவனுக்குத் திறந்தே இருந்தன. குற்றம் தன்னுடையது என்று அரியணையிலேயே உயிர்விட்டான். ஊழை ஏற்றுக்கொண்ட காப்பியம்தான். ஊழின் பின்னால் மன்னனை ஒளிய விடவில்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன்.

சயாம் மரண இரயில் பற்றி நம் மாணவர்களுக்கு இன்னும் போதுமான அளவு நாம் சொல்லவில்லை என்பது என் கருத்து. 1942-இலிருந்து 1943 வரை சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை அமைத்தார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகளுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களுள் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களுள் பெரும் எண்ணிக்கையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயரோடு வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

என் பாட்டியின் அண்ணன் அங்கே போய்த் திரும்பாதவர். காலரா என்று கேள்வி. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செபமாலை மட்டும் தெரியும். சிறுவனாக இருந்தபோது அவரிடம் கேட்டேன்: "ஆண்டவர் ஏன் பாட்டி தாத்தாவ அப்படிச் சாகவிட்டாரு?" அவர் சினந்துகொண்டார். "ஆண்டவரா பேரு எழுதுனாரு? கிராணியில்ல எழுதுனாரு!" என்றார்.

தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் என்று சப்பானியர் கேட்டார்கள். பட்டியல் எழுத வேண்டியவர் கிராணி. எழுதாவிட்டால் அவர் தலை போகும். தமக்கு வேண்டியவர்களை விட்டுவிட்டு, கேட்க நாதியில்லாத இளைஞர்களை எழுதினார். இதில் யாருக்கு எவ்வளவு பங்கு? துப்பாக்கி வைத்திருந்தவன் பங்கு பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் பேனா பிடித்தவன் பங்கு அதனால் இல்லாமல் போய்விடுமா?

இதற்கு விடை சொன்னது அந்தக் கிராணியேதான். போர் முடிந்த பின் ஒரு நாள் பாட்டி வீட்டு வாசலுக்கு வந்து, "நான்தாம்மா எழுதினேன்" என்றாராம். உள்ளே வரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் நாள், இறந்தோர் நினைவு நாளன்று, ஒரு மெழுகுவத்தி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாராம். அவர் இந்து. பாட்டி வாங்கி ஏற்றிவைப்பார். மன்னித்துவிட்டீர்களா பாட்டி என்று கேட்டதற்கு, "அது ஆண்டவர் வேல. வாங்கி ஏத்துனேன், அது எங்க வேல" என்றார். இறுதித் தீர்ப்பைப் பற்றி நான் படித்த எந்த இறையியல் நூலும் இந்த அளவுக்குத் தெளிவாக என்னிடம் பேசியதில்லை. தீர்ப்பு ஆண்டவருடையது என்பதால் பாட்டி அவரைப் பழிவாங்கவில்லை. தீர்ப்பு ஆண்டவருடையது என்பதற்காக எழுதியவர் எழுதவில்லை என்றும் ஆகவில்லை.

மத்தேயு எழுதிய நற்செய்தியில் இறுதித் தீர்ப்புக் காட்சி ஒன்று வருகிறது. அங்கே கேட்கப்படுபவை வியப்பானவை: பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, நோயுற்றவனைப் பார்க்கப் போனாயா, சிறையிலிருந்தவனிடம் வந்தாயா. தண்டனை பெறுகிறவர்கள் கொலை செய்தவர்கள் என்றோ திருடியவர்கள் என்றோ அங்கே இல்லை. செய்யாமல் விட்டவர்கள்! எப்போது உம்மைப் பார்த்தோம் என்று அவர்கள் திகைக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்க்கவில்லை.

கிம் கிம் வழக்கில் சிலர் அதே 2019 மார்ச்சிலேயே நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டனர். அது சட்டத்தின் வேலை. என் கவலை வகுப்பறை. சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லும்போது நாம் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறோம்? யாருக்குத் தீங்கு செய்தாய் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. தண்டனை வருமா வராதா என்பது மட்டுமே கேள்வி. கண் குத்தப்படாத அன்று பிள்ளை இரண்டில் ஒன்றை முடிவு செய்யும்: சாமி இல்லை, அல்லது நான் செய்தது தவறில்லை. அப்படி வளர்ந்தவன் ஒருவன் இரவில் ஆற்றங்கரையில் கொட்டிவிட்டு, மின்னல் தாக்காததைக் கண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவான். மறுபுறம், கண்ணில் நோய் வந்த பிள்ளை தான் என்ன பாவம் செய்தோம் என்று தேடும். இந்த ஒரே வாக்கியம் இருவரையும் கெடுக்கிறது.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் தண்ணீர்ப் போத்தலை உடைத்துவிட்டால், நான் சாமியை அழைப்பதில்லை. போத்தலுக்கு உரியவனை அழைக்கிறேன். உடைத்தவன் அவன் முகத்தைப் பார்த்து "நான்தான் உடைத்தேன்" என்று சொல்ல வேண்டும். 'உடைந்துவிட்டது' என்று சொல்லக்கூடாது. நம் தமிழில் இவ்வசதி மிகுதி: உடைந்தது, கொட்டியது, நடந்துவிட்டது! தன்வினை, பிறவினை நடத்தும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இலக்கணத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதற்குப் பிறகு என்ன செய்து ஈடுகட்டப் போகிறாய் என்று கேட்பேன். சில வேளை இதற்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. பாடம் பின்தங்குகிறது; துணைத் தலைமையாசிரியர் ஒருமுறை கேட்கவும் செய்தார்.

அந்த மாணவனுக்கு அன்று சொல்லாததை, அவன் ஆண்டு 6 முடித்துப் பள்ளியை விட்டுப் போகும் முன் சொன்னேன். உன் பாவத்தால் உனக்கு மூச்சு முட்டவில்லை. ஆற்றில் கொட்டியவர்களால் முட்டியது. கொட்டுவதைத் தடுக்க வேண்டிய பெரியவர்கள் தடுக்கவில்லை, அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவன் என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்போ தங்கச்சி பென்சில்?" என்று கேட்டான்.

அது உன்னுடையதுதான் என்றேன். மறுநாளே புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டதாக வந்து சொன்னான்.